குமிழைத் தொடாதே தம்பி: புது ரைபிள் குறிக்கு வராதபோது

போன நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ராத்திரி பெய்த மழை ரேஞ்ச் புல்லில் இன்னும் நின்றுகொண்டிருந்தது. எங்கள் கிளப்பில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். கையில் புத்தம் புது .22 போல்ட் ரைபிள்; 0.22 அங்குலத் தோட்டா, போல்ட் என்கிற பூட்டுத்தண்டைக் கையால் இழுத்துச் சுடுவது. மேலே ஸ்கோப், அதாவது குறி பார்க்கிற தொலைநோக்கி; குறியை நகர்த்த அதில் திருகுகிற குமிழ் உண்டு. ஒரு பெட்டியில் ஐம்பது தோட்டா இருக்கும். அதில் நாலுதான் மிச்சம்.

"அங்கிள், இந்த ஸ்கோப் கேடு. எவ்வளவு திருகினாலும் குறிக்கு வர மாட்டேங்குது."

ஸ்கோப்பை நான் பார்க்கவில்லை. "சுட்ட பேப்பரைக் கொண்டா" என்றேன். கொண்டுவந்தான். மேலே, கீழே, ஓரத்தில், பலகையில் என்று கொசு கடித்த முதுகு மாதிரி இருந்தது. "ஒவ்வொரு குண்டுக்கும் குமிழைத் திருகினியா?" என்றேன். தலையை ஆட்டினான்.

அங்கேதான் நாற்பத்தாறு தோட்டாவும் போயிற்று. ஒரு குண்டு இடப்பக்கம் விழுந்ததும் வலப்பக்கம் திருகுகிறோம். அடுத்தது வலத்தில் விழுந்தால் இடத்துக்குத் திருகுகிறோம். அந்த முதல் குண்டு இடப்பக்கம் போனது ஸ்கோப்பினாலா, தோட்டாவினாலா, நம் தோளினாலா என்று யாருக்குத் தெரியும்? தெரியாமலே திருகினால், ஆடுகிற நாற்காலியில் ஏறி நின்று சுவரில் படம் மாட்டுகிற கதைதான்.

நான் ராணுவத்தில் ஆயுதப் பட்டறையில் இருந்தவன். எம்16 ரைபிள் காலத்திலிருந்து 25 மீட்டரில் துப்பாக்கிகளை சீரோ செய்து, அதாவது குறி வைத்த இடத்திலேயே குண்டு விழும்படி செய்து கொடுத்தே தலை நரைத்துவிட்டது. பிறந்து வளர்ந்தது பினாங்கில், ஆயர் ஈத்தாம் பக்கம் ரைபிள் ரேஞ்ச் பிளாட்டில். அந்தக் காலத்தில் அங்கே துப்பாக்கி சுடும் திடல் இருந்ததாம். மலாயில் பாடாங் தெம்பாக். எங்கள் காலத்தில் பேர் மட்டும்தான் மிச்சம், பிளாட்டில் சுட்டதெல்லாம் வடைதான். அந்தத் தம்பியின் ரைபிளைச் சரிசெய்ய எனக்கு மூன்று ஞாயிறு பிடித்தது. அதில் பார்த்ததைப் பார்த்த வரிசையிலேயே சொல்கிறேன். வரிசை மாறினால் வேலை இரண்டு மடங்காகும்.

அதற்கு முன்னால் ஒன்று. திருகாணியைத் தொடும் முன் மெகசினைக் கழற்று, போல்ட்டைத் திற, குண்டு அறையைக் கண்ணால் பார், பிறகு சுண்டுவிரலை விட்டும் பார். எங்கள் பட்டறையில் பார்த்தேன் என்று சொன்னால் போதாது, தொட்டேன் என்று சொல்ல வேண்டும். இன்னொன்றும் உண்டு. நம் நாட்டில் 1960 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் இதைக் கையில் வைத்திருக்கவே முடியாது; காற்றுத் துப்பாக்கிக்கும் அதே சட்டம்தான். எனவே சுட்டுப் பார்ப்பது எல்லாம் ரேஞ்சில் மட்டும். தோட்டத்து ஓரம், ரப்பர் மரத்தடி என்கிற பேச்சே வேண்டாம். வீட்டு ஜன்னலிலிருந்து காலித் துப்பாக்கியை நீட்டிக் குறி பார்க்கிற வேலையும் வேண்டாம். அது காலி என்பது உனக்குத் தெரியும், எதிர் பிளாட்டில் துணி காயப்போடுகிற அம்மாவுக்குத் தெரியாது.

முதலில் பேப்பரைப் படி

ஸ்டேஷனரி கடையில் மாஜோங் பேப்பர் வாங்கு. பள்ளிக்கூடத்தில் சார்ட் எழுதுவோமே, அதேதான். ரேஞ்சில் தருகிற சின்ன அட்டை, குறிக்கு வந்த துப்பாக்கிக்கு. வராத துப்பாக்கிக்குப் பெரிய பேப்பர் வேண்டும், இல்லையென்றால் குண்டு எங்கே போனது என்றே தெரியாமல் அடுத்த பெட்டியும் காலியாகும். நடுவில் மூன்று சென்டிமீட்டர் அகலத்தில் கறுப்பு ஸ்டிக்கர் ஒன்று ஒட்டு. 25 மீட்டரில் வை. 50 வேண்டாம், 100 பற்றி இப்போது நினைக்கவே வேண்டாம்.

உட்கார்ந்து, முன்கட்டைக்கு அடியில் மணல் பை வைத்து, ஐந்து குண்டு. ஐந்துக்கும் குறி அதே கறுப்பு நடு. குண்டு எங்கே விழுந்தாலும் குமிழில் கை போகக்கூடாது. தம்பிக்கு இதுதான் மிகவும் கஷ்டமாக இருந்தது. இரண்டாவது குண்டு விழுந்ததும் அவன் கை தானாக மேலே போயிற்று, நான் தட்டிவிட்டேன்.

அந்த ஐந்து ஓட்டை ஒன்றாக விழுந்தால் கிளப்பில் குரூப் என்பார்கள். நான் கொத்து என்று சொல்வேன். கொத்து சின்னதாக இருந்து, குறியை விட்டு வேறு இடத்தில் விழுந்தால் பாதி சந்தோஷப்படலாம். துப்பாக்கி சொன்ன பேச்சைக் கேட்கிறது, நாம்தான் தப்பான இடத்தைச் சொல்கிறோம். அது ஸ்கோப்பையோ அதன் இருக்கையையோ சரிசெய்தால் தீரும். கொத்தே இல்லாமல் சிதறினால் குமிழுக்கு வேலையே இல்லை. எங்கேயோ ஏதோ ஆடுகிறது. முதல் குண்டு இங்கே, அடுத்தது கொஞ்சம் தள்ளி, அதற்கடுத்தது இன்னும் தள்ளி என்று ஒரே திசையில் நடந்து போனால், திருகாணி தளர்ந்துகொண்டிருக்கிறது அல்லது சூடாகும் பேரல், அதாவது குண்டு போகிற குழாய், எதிலோ போய் முட்டுகிறது. சில சமயம் இரண்டு கொத்து விழும், மூன்று இங்கே இரண்டு அங்கே. அப்படி விழுந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது ஸ்கோப் உள்ளே இருக்கும் குறுக்குக்கோட்டை அல்லது தோளில் தாங்குகிற கட்டைக்கும் பேரல் பொருந்திய இரும்புக்கும் நடுவே உள்ள பிடிப்பை.

தம்பியின் பேப்பரில் 25 மீட்டரில் ஒரு கை அகலத்துக்குச் சிதறல். .22 ரைபிள் அந்தத் தூரத்தில் ஒரே ஓட்டையை அகலமாக்குவது போல் சுட வேண்டியது.

திருகாணி, கீழிருந்து மேலே

எல்லாரும் மேலே தெரிகிற, ஸ்கோப்பைக் கவ்விப் பிடிக்கும் ரிங்கின் திருகாணியைத்தான் முறுக்குவார்கள். நீ கீழிருந்து வா. துப்பாக்கியைக் கவிழ்த்தால் கட்டையையும் இரும்பையும் பிடித்திருக்கும் இரண்டு பெரிய திருகாணி தெரியும். தம்பியுடையதில் முன்னால் இருந்தது, எல் கீயை வைத்ததும் அரைச்சுற்று சும்மாவே போயிற்று. ஒவ்வொரு குண்டுக்கும் இரும்பு கட்டைக்குள் வெவ்வேறு இடத்தில் போய் உட்கார்ந்தால் ஸ்கோப் என்ன செய்யும்?

பிறகு ரெயில், அதாவது ரிங்கைத் தாங்க இரும்பின் மேல் திருகுகிற பட்டை. இது ஸ்கோப் ரிங்கும் இறங்கி, ரெயிலையும் கழற்றிப் பார்க்கிற வேலை. சோம்பல் படாதே. ரெயிலுக்கு அடியில் தொழிற்சாலையில் பூசிய எண்ணெய் அப்படியே இருந்தது. எண்ணெய் மேல் உட்கார்ந்த இரும்பு வழுக்கத்தானே செய்யும். ஸ்பிரிட் தொட்ட துணியால் அடிப்பக்கத்தையும், திருகாணியையும், அது போகிற ஓட்டையையும் துடைத்தேன். ரெயில் திருகாணிக்கு மட்டும் நீல நிறத் திருகுப் பசை ஒரு சொட்டு. ரிங் மூடித் திருகாணிக்கு அது வேண்டாம் என்பது என் கட்சி. பசை ஈரம் வழுக்குவதால் கை கணக்குத் தப்பி ஸ்கோப் குழாயையே நசுக்கிவிடுவோம். முன் திருகாணி நீளமாக இருந்து உள்ளே பேரலையோ போல்ட்டையோ முட்டுகிறதா என்றும் அப்போதே பார்த்துவிடு. முட்டினால் கைக்கு இறுகியது போல் தெரியும், ஆனால் ரெயில் இறுகியிருக்காது.

ரிங் வாங்கும்போது கடைக்காரரிடம் ரெயில் எந்த வகை என்று சொல்ல வேண்டும். பழைய .22களில் 11 மில்லிமீட்டர் வால்காடி இருக்கும். இப்போது வருகிற பிக்கட்டினி ரெயிலில் குறுக்குப் பள்ளம் 5.23 மில்லிமீட்டர் அகலம். வீவர் என்கிற இன்னொரு வகை ரெயிலின் பள்ளம் அதைவிடக் குறுகல். வீவர் ரிங் பிக்கட்டினியில் உட்காரும், பிக்கட்டினி ரிங் வீவரில் உட்காராது. அதேபோல் ஸ்கோப் குழாய் 25.4 மில்லிமீட்டரா 30 மில்லிமீட்டரா என்பதும். டேப் சுற்றி ஒப்பேற்றுகிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன், அவர்கள் ஸ்கோப் ஒவ்வொரு சுடலுக்கும் முன்னால் ஊர்ந்து போகும்.

ரிங்கை ரெயிலில் வைத்ததும் பள்ளத்துக்குள் முன்பக்கமாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டு முறுக்கு. சுடும்போது துப்பாக்கி பின்னால் வருகிறது, ஸ்கோப் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. ஆகவே முன்பக்கம் முட்டிக்கொண்டிருந்தால் நகர இடமில்லை. ஸ்பிரிங் காற்றுத் துப்பாக்கி மட்டும் இரண்டு பக்கமும் உதைக்கும். அதனால்தான் பெரிய ரைபிளைத் தாங்குகிற ஸ்கோப் கூட அதில் உள்ளுக்குள் உடைந்துபோகிறது. அதற்கென்று சொல்லிச் செய்த ஸ்கோப்பைத்தான் போட வேண்டும்.

எவ்வளவு முறுக்குவது? ரிங்கோடு வந்த தாளில் இஞ்ச்-பவுண்டில் எழுதியிருக்கும். மூடிக்குப் பெரும்பாலும் 15இலிருந்து 18 வரை. அளந்து முறுக்குகிற ஸ்குருடிரைவர் கிளப்பில் ஒன்று இருக்கும், கேட்டால் தருவார்கள். இல்லாவிட்டால் எல் கீயின் நீள முனையைத் திருகாணியில் விட்டு, குட்டைக் கையை இரண்டு விரலால் மட்டும் பிடித்து முறுக்கு. அதற்கு மேல் பலம் வராது. நாலு மூடித் திருகாணியையும் மாற்றி மாற்றி, லோரி டயர் நட்டு மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக. இரண்டு பக்க இடைவெளியும் சமமாக இருக்க வேண்டும்.

முடிந்ததும் என் மகளின் கியூடெக்ஸ் புட்டியை எடுத்து ஒவ்வொரு திருகாணித் தலையிலிருந்தும் ரெயிலுக்கு ஒரு மெல்லிய கோடு இழுத்தேன். சிவப்பு. தம்பி சிரித்தான். கோடு உடைந்திருந்தால் திருகாணி நகர்ந்துவிட்டது என்று அர்த்தம், எந்தக் கருவியும் வேண்டாம்.

ஒரு வெள்ளி நோட்டு

திருகாணி எல்லாம் இறுகியும் கொத்து முழுசாக வரவில்லை. பாதி சிதறல் குறைந்தது, ஆனால் மூன்றாவது நாலாவது குண்டு இடப்பக்கம் சாய்ந்தது. மணி பத்தரை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

இங்கேதான் நம் ஊர் வந்து உட்காருகிறது. அந்த ரைபிளின் கட்டை மரம். குளிர்ந்த, வறண்ட தேசத்தில் கடைந்த மரம் நம் காற்றுக்கு வந்ததும் தண்ணீர் குடித்து ஊதுகிறது; மழைக்காலத்தில் வீட்டுக் கதவு நிலையைப் பிடித்துக்கொள்கிறதே, அதே சங்கதி. தோட்டா வெடிக்கும்போது பேரல் தட்டிய மணி போல அதிர்கிறது. எதையும் தொடாமல் இருந்தால் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி அதிரும். கட்டை ஒரு பக்கம் தொட்டால் அதிர்வு மாறும். சூடானால் தொடுகிற அழுத்தமும் மாறும், காலையில் சுட்ட இடம் மத்தியானம் இருக்காது.

பையிலிருந்து ஒரு வெள்ளி நோட்டை எடுத்தேன். பிளாஸ்டிக் நோட்டாக இருப்பதால் வழுக்கிக்கொண்டு போகும், இதற்கு அதைவிட நல்லது கிடையாது. பேரலுக்கும் கட்டைக்கும் நடுவே செருகி இரண்டு பக்கமும் பிடித்து, முன்முனையிலிருந்து பின்னால் இழுத்துக்கொண்டு போனேன். முனையிலிருந்து நாலு விரல் தள்ளி இடப்பக்கம் கப்பென்று பிடித்துக்கொண்டது. தம்பியிடம் கொடுத்தேன், அவனுக்கும் அங்கேயே.

கட்டையைக் கழற்றி, பேரல் தடிமனுக்கு ஒரு குழாயில் உப்புக் காகிதம் சுற்றி, அந்த இடத்தை மட்டும் மெதுவாகத் தேய்த்தோம். கத்தி, உளி எல்லாம் வேண்டாம். தேய்த்த மரம் வாயைத் திறந்து வைத்திருக்கும், உடனே இரண்டு கோட்டு வார்னிஷ் அடிக்காவிட்டால் இன்னும் அதிகம் தண்ணீர் குடிக்கும். ஒரு வாரம் காயப்போட்டோம். ஆனால் ஒரு எச்சரிக்கை: சில ரைபிளில் முன்முனை வேண்டுமென்றே பேரலைத் தாங்கும்படி செய்திருப்பார்கள். கையேட்டைப் படிக்காமல் உப்புக் காகிதத்தைத் தொடாதே.

அடுத்த ஞாயிறு, அதே 25 மீட்டர், ஐந்து குண்டு. ஐந்தும் ஒரு கட்டைவிரல் நகத்துக்குள். தம்பி குதிக்காத குறை. ஆனால் அந்தக் கொத்து கறுப்புக்கு இரண்டு விரல் கீழே இருந்தது.

"இப்போ திருகலாமா, அங்கிள்?"

"இப்போ திருகலாம்."

மேலே ஏற்றுகிற குமிழைத் திருகினான். நகரவில்லை. முட்டிக்கொண்டு நின்றது. போன வாரமே அதை ஒரு கோடிவரைக்கும் திருகி முடித்திருந்தான்.

குமிழ் முடிந்தும் குண்டு கீழே விழுந்தால்

இந்த இடத்தில்தான் பலபேர் ஸ்கோப்பைக் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகிறார்கள். பொறு, கொஞ்சம் கணக்குப் போடுவோம்.

ஸ்கோப் குமிழ் நகர்வதை எம்.ஓ.ஏ. என்கிற கோண அளவில் சொல்வார்கள். ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. 100 மீட்டரில் அது 2.9 செ.மீ., 50இல் 1.45 செ.மீ., 25இல் 7 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். தம்பியின் ஸ்கோப்பில் மொத்தம் 50 எம்.ஓ.ஏ. ஓடும். அதாவது நடுவிலிருந்து மேலே 25, கீழே 25.

ஸ்கோப் பேரலுக்கு மேலே நாலு சென்டிமீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. சாதாரண வேக .22 குண்டு விநாடிக்கு 325 மீட்டர் அளவில் கிளம்புகிறது. 50 மீட்டர் போவதற்குள் பேரல் நீட்டிய கோட்டிலிருந்து பன்னிரண்டு சென்டிமீட்டர் போல விழுந்துவிடும். இரண்டையும் கூட்டினால் பதினாறு. சமமான ரெயிலில், குமிழ் நட்டநடுவில் இருந்தால், குண்டு குறிக்குப் பதினாறு சென்டிமீட்டர் கீழே விழும். அதை மேலே கொண்டுவர 11 எம்.ஓ.ஏ. போதும். கையில் 25 இருக்கிறது. அப்படியிருக்க எப்படித் தீர்ந்துபோகும்?

ரெயிலைக் கழற்றி அடிப்பக்கம் பார்த்தேன். ஓரத்தில் பொடி எழுத்தில் 20 எம்.ஓ.ஏ. என்று இருந்தது. தூரம் சுடுகிறவர்களுக்காக ரெயிலை வேண்டுமென்றே சாய்த்துச் செய்வார்கள். பின்பக்கம் உயரம், முன்பக்கம் தாழ்வு. ஸ்கோப் மூக்கு சற்றுக் கீழே பார்க்கும், அதனால் பேரல் மேலே பார்க்கும். யாரோ அதை முன்பக்கம் பின்னால் வரும்படி திருப்பி மாட்டியிருந்தார்கள். யார் என்று நான் கேட்கவில்லை, தம்பியும் சொல்லவில்லை. 11 எம்.ஓ.ஏ. தேவை என்பது 31 ஆகிவிட்டது. 25தான் இருக்கிறது. மிச்சம் 6 எம்.ஓ.ஏ. கடன், 50 மீட்டரில் அது ஒன்பது சென்டிமீட்டர். 25இல் குண்டு அவ்வளவு விழாது, அதனால் கடனும் குறைந்து மூன்று சென்டிமீட்டர் சொச்சம். பேப்பரில் விழுந்த இரண்டு விரல் அதுதான்.

கண்ணுக்கு இது தெரியாது. பதினைந்து சென்டிமீட்டர் நீள ரெயிலில் இரண்டு முனைக்கும் உயர வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர் கூட இல்லை. வெர்னியர் வைத்து அளந்தால் மட்டும் தெரியும். பக்கவாட்டில் குமிழ் தீர்ந்துபோனால் காரணம் வேறு: ரெயில் கோணலாக உட்கார்ந்திருக்கும், அல்லது ரிங் ஒன்று வளைந்திருக்கும். ரிங்கைத் திருப்பிப் போட்டுச் சுட்டுப் பார், குண்டு எதிர்ப்பக்கம் தாவினால் குற்றவாளி ரிங்.

திருப்பி மாட்டினோம். எண்ணெய் துடைத்து, பசை விட்டு, கியூடெக்ஸ் கோடு இழுத்து, எல்லாம் மறுபடி.

குமிழை நடுவுக்குக் கொண்டுவா. ஒரு கோடியில் முட்டும்வரை மெதுவாகப் போய், அங்கிருந்து மறுகோடிவரை, குமிழ் ஒரு படி நகரும்போது கேட்கிற கிளிக்கை எண்ணு. 200 வந்தால் 100 திரும்பி வா. கோடியில் பலம் போட்டு முறுக்கினால் உள்ளே இருக்கிற ஸ்பிரிங் செத்துப்போகும்.

பிறகு தோட்டாவே செலவழிக்காமல் ஒரு வேலை. போல்ட்டை உருவி எடு. துப்பாக்கியை மணல் பையில் அசையாமல் வைத்து, பின்னாலிருந்து பேரல் ஓட்டை வழியே பார். 25 மீட்டரில் இருக்கும் கறுப்பு ஸ்டிக்கர் அந்த வட்டத்துக்கு நடுவில் வரவேண்டும். வந்ததும் துப்பாக்கியைத் தொடாமல் தலையை மட்டும் தூக்கி ஸ்கோப்பில் பார். குறுக்குக்கோடு எங்கேயோ இருக்கும், அதைக் குமிழால் ஸ்டிக்கருக்குக் கொண்டுவா. இங்கே ஒரு குழப்பம் வரும். குமிழில் உள்ள அம்புக்குறி குண்டு போகும் திசை, கோடு போகும் திசை அல்ல. மேலே என்று திருகினால் கோடு கீழே இறங்கும். சுடும்போது மட்டும் அம்பு சொல்வதை அப்படியே நம்பு.

கிளிக் கணக்கிலும் தம்பி வழுக்கியிருந்தான். ஸ்கோப் தாளில் ஒரு கிளிக் கால் அங்குலம், 100 யார்டில் என்று போட்டிருக்கும். நம் ரேஞ்ச் மீட்டர். அதைக்கூட விட்டுவிடலாம், 25 மீட்டரில் அதே கிளிக் கால் பங்குதான் நகர்த்தும், 1.8 மில்லிமீட்டர். 5 செ.மீ. இடப்பக்கம் விழுந்தது என்று அவன் நூறு மீட்டர் கணக்கில் ஏழு கிளிக் திருகினான். வேண்டியது இருபத்தெட்டு. குண்டு ஒரு சென்டிமீட்டர் சொச்சம் நகர்ந்தது, ஸ்கோப் கேடு என்று பேர் வாங்கிற்று.

ஸ்கோப் உண்மையிலேயே கேடா?

சில சமயம் கேடுதான். கண்டுபிடிக்கச் சுலப வழி, கிளப்பில் ஒருவரிடம் ஒழுங்காகச் சுடும் ஸ்கோப்பை இரவல் வாங்கி மாட்டுவது. கொத்து சேர்ந்தால் தீர்ப்பு முடிந்தது. இரவல் கிடைக்காவிட்டால் சதுரம் போடு: 50 மீட்டரில் ஒரே குறியைப் பார்த்து இரண்டு குண்டு. பிறகு மேலே 20 கிளிக் திருகி இரண்டு, வலது 20 திருகி இரண்டு, கீழே 20 திருகி இரண்டு, கடைசியில் இடது 20 திருகி மறுபடி இரண்டு. பக்கம் 7 செ.மீ. அளவில் ஒரு சதுரம் வந்து, கடைசி இரண்டும் முதல் இரண்டின் மேல் விழ வேண்டும். சதுரம் கோணலானாலோ, திரும்பி வராவிட்டாலோ, தைரியமாகக் கடைக்காரர் மேசையில் பேப்பரோடு வை. பேப்பர் இல்லாமல் போனால் நீ சுடத் தெரியாதவன் என்பார்கள்.

இணையத்தில் படித்துவிட்டு எல்லாவற்றுக்கும் பேரலாக்ஸ் என்று சொல்கிறார்கள். துப்பாக்கியைத் தொடாமல் கண்ணை மட்டும் ஆட்டினால் குறுக்குக்கோடு குறியின் மேல் நீந்துமே, அதுதான். .22க்கென்று செய்த ஸ்கோப்பை 50 யார்டுக்கும், பெரிய ரைபிள் ஸ்கோப்பை 100 யார்டுக்கும் அமைத்திருப்பார்கள். 100க்கு அமைத்த, 40 மில்லிமீட்டர் கண்ணாடி ஸ்கோப்பை 50இல் சுட்டால் கண் எவ்வளவு விலகினாலும் பிழை ஒரு சென்டிமீட்டரைத் தாண்டாது. ஒரு கை அகலச் சிதறலை அதன் தலையில் கட்டக்கூடாது.

மிச்சம் இருப்பது தோட்டாவும் நீயும்

புது பேரலில் துரு பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசி வரும். காய்ந்த துணித் துண்டைப் பின்னாலிருந்து முன்னால் தள்ளி, துண்டு சுத்தமாக வரும்வரை துடை. முன்வாயிலிருந்து கம்பியை விடாதே, குண்டு கடைசியாகத் தொட்டுப் போகிற விளிம்பு அது. அங்கே ஒரு கீறல் விழுந்தால் குண்டு கோணலாகத்தான் வெளியே போகும்.

.22 பேரல் நாக்கு ருசி பார்க்கும். ஒரு பிராண்டைப் பிடிக்கும், பக்கத்துப் பிராண்டைத் துப்பும். விலைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. வேகமான தோட்டா ஒலியைத் தாண்டிக் கிளம்பி, வழியில் ஒலி வேகத்துக்குக் கீழே இறங்கும்போது தடுமாறும். சாதாரண வேகத்தில் அந்தத் தொல்லை இல்லை. பிராண்டை மாற்றினால் பத்துப் பதினைந்து குண்டு போன பிறகுதான் பேரல் அந்த மெழுகுக்குப் பழகும். நம் நாட்டில் தோட்டா பசாரில் கங்கோங் வாங்குவது மாதிரி இல்லை, ஆகவே ஒரே நாளில் ஐந்து பிராண்டைக் கலந்து சுட்டு வீணாக்காதே.

கடைசியாக நீ. கடைசியில் சொன்னேனே தவிர, சந்தேகப் பட்டியலில் கடைசி இல்லை. நன்றாகச் சுடுகிற ஒருவரை உன் துப்பாக்கியில் ஐந்து சுடச் சொல், அவருக்குக் கொத்து வந்தால் திருகாணியைக் குறை சொல்லாதே. மணல் பை பேரலுக்கு அடியில் இருக்கக்கூடாது, முன்கட்டைக்கு அடியில்தான். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் எட்டிலிருந்து பத்து சென்டிமீட்டர். உள்ளே கறுப்பு வளையம் ஒரு பக்கம் தடித்துத் தெரிந்தால் கன்னம் சரியான இடத்தில் இல்லை. ஸ்கோப் நேராக நிற்கிறதா என்று பார்க்க 25 மீட்டரில் ஒரு நூலில் நட்டு கட்டித் தொங்கவிட்டு, நெட்டுக்கோட்டை நூலோடு பொருத்து. வெடிச்சத்தத்துக்கு முன்பே தோள் குறுகுகிறதா என்று தெரிய, கிளப் பயிற்சியாளர் உனக்குத் தெரியாமல் சில முறை வெற்றுத் தோட்டாக்கூடு போட்டுக் கொடுப்பார். தம்பிக்குப் போட்டபோது சுடாத துப்பாக்கி ஒரு அங்குலம் துள்ளியது. அவனே சிரித்துவிட்டான்.

ஒலிம்பிக் ரைபிளில் ஸ்கோப்பே கிடையாது, தெரியுமா? 2012இல் லண்டனில் நம் மலேசிய வீராங்கனை நூர் சூர்யானி எட்டு மாதக் கர்ப்பத்தோடு 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் நின்று சுட்டார், சின்ன வளையத்தின் வழியே வெறும் கண்ணால் பார்த்து. தம்பியிடம் இதைச் சொன்னேன். அடுத்த ஐந்து குண்டுக்கு மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தான். மூச்சை அவ்வளவு நேரம் அடக்கினால் கண் மங்கும் என்று அதையும் சொல்ல வேண்டியதாயிற்று.

மூன்றாவது ஞாயிறு 50 மீட்டரில் நாலு குண்டு ஐம்பது காசு நாணயத்துக்குள், ஒன்று விளிம்பைத் தாண்டி. கொத்தின் நடு குறிக்கு வலப்பக்கம் பதினோரு மில்லிமீட்டர். இடது மூன்று கிளிக். இன்னொரு ஐந்து சுட்டு அதே இடத்தில் விழுந்ததைப் பார்த்த பிறகுதான் குமிழ் மூடியில் இருந்த குட்டித் திருகாணியைத் தளர்த்தி, சீரோ எழுத்தைக் கோட்டுக்கு நேராக வைத்து இறுக்கினோம். தூரம், தோட்டா பிராண்ட், தேதி மூன்றையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கட்டையின் உள்பக்கம் ஒட்டினான்.

துப்பாக்கிப் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பை இரண்டு போடச் சொல்லியிருக்கிறேன். நிறம் மாறினால் மாற்ற வேண்டும், நம் காற்றில் அது சீக்கிரம் மாறும். மாதம் ஒரு முறை வெள்ளி நோட்டை ஓட்டிப் பார், சிவப்புக் கோட்டைப் பார். கோடு உடைந்திருந்தால் போன் செய். ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு முன்னால் மட்டும் அடிக்காதே, ரொட்டி சானாய் கடையில் எனக்குக் காது கேட்காது.